இரும்பைக் கண்டால் வாயை மூடும் மெஷின்

உஷாராணிக்கு வாய் நீளம் என்று மலேசியாவில் கிள்ளானை அடுத்த மேரு பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் அவளுடைய கங்கோங் கீரைக் கட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்காமல் நகர்கிறவர்களுக்கு அவள் கொடுக்கிற அர்ச்சனை இருக்கிறதே, அதற்குப் பயந்தே அடுத்த வாரம் வந்து இரண்டு கட்டாக வாங்கிப் போவார்கள். நகராட்சிக்காரன், தண்ணீர்க் குழாய்க்காரன், சந்துக்குள் லோரியைக் கண்மண் தெரியாமல் விரட்டுகிறவன் என்று ஒருவரையும் அவள் விட்டுவைத்ததில்லை. அப்பேர்ப்பட்ட வாய், இரண்டு நாளாக ஒரே ஒரு வார்த்தையை வெளியே விட முடியாமல் தவித்துக்கொண்டிருந்தது.

அவளுடைய தாலி காணாமல் போயிருந்தது.

அதைத்தான் அவளால் சொல்ல முடியவில்லை. மனசுக்குள் அந்த நினைப்பு வந்தாலே, "சீ, வாயக் கழுவுடி" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். வேறு சமயமாக இருந்திருந்தால் ஊரைக் கூட்டி ஒப்பாரி வைத்திருப்பாள். ஆனால் அவள் புருஷன் ராஜன் கோலாலம்பூரில் ஓர் இருதய ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தார். முப்பது வருஷம் துறைமுகத்தில் கன்டெய்னர் லோரி ஓட்டிய மனுஷன். நெஞ்சில் மூன்று அடைப்பு. வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்யப்போகிறார்கள். அந்த நேரத்தில் பெண்டாட்டி கழுத்து வெறுங்கழுத்தாக இருந்தால், அதை வாய்விட்டு வேறு சொல்லிவிட்டால், என்ன ஆகுமோ என்று பயந்தாள். படித்தவர்கள் சிரிக்கலாம். சிரித்துக்கொள்ளட்டும். அவள் அப்படித்தான் நினைத்தாள்.

நடந்தது இதுதான். ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் வழியில் மோட்டார் சைக்கிள் திருடர்கள் தொல்லை என்று மகள் யாழினி பத்து நாளாகவே நச்சரித்தாள். "சங்கிலிய கழட்டி அலமாரில வைம்மா. தாலிய மஞ்சக் கயித்துல கோத்துக் கட்டிக்கோ. போதும்லா." சரி என்று சங்கிலியில் இருந்ததையெல்லாம் அப்படியே கயிற்றுக்கு மாற்றிக் கட்டிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை ராஜனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வீடு திரும்பினால், பேய் மழை. வீட்டுக்குப் பின்னால், மின்சார வாரியத்தின் ராட்சதக் கோபுரங்களுக்குக் கீழே நீளமாகக் கிடக்கிற நிலத்தில்தான் அவளுடைய கங்கோங் பாத்திகள். பெரிய வாய்க்கால் பொங்கி, பாத்தி எல்லாம் குளமாகிக் கிடந்தது. மம்பட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். முழங்கால் சேற்றில் ஒரு மணி நேரம் வரப்பை வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டு வந்து, குளித்து, மஞ்சள் பூசக் கையைக் கழுத்துக்குக் கொண்டுபோனவள் அப்படியே நின்றுவிட்டாள். கயிறும் இல்லை, தாலியும் இல்லை.

அன்று இருட்டும்வரை தேடினாள். புதன்கிழமை விடிந்ததும் மறுபடி இறங்கினாள். சேற்றைக் கை கையாக அள்ளி, மாவு பிசைகிற மாதிரி பிசைந்து பார்த்தாள். நத்தை கிடைத்தது, கண்ணாடித் துண்டு கிடைத்தது, விரலில் ரத்தம் வந்தது. பக்கத்துப் பாத்தியில் வெண்டை போட்டிருக்கிற தாமரை, ஒரே பார்வையில் விஷயத்தைப் புரிந்துகொண்டு கிட்டே வந்து கிசுகிசுத்தாள்.

"அக்கா, ஒரு மஞ்சக் கெழங்க புதுக் கயித்துல கோத்துக் கட்டிக்கிட்டு போங்கக்கா. சாத்திரத்துல அதுக்கு எடம் இருக்கு."

"ஒன் சாத்திரத்த நீயே வச்சுக்கோ. எனக்கு அவரு கட்டுனது வேணும்!"

கிள்ளான் கோயிலில், முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால், கை நடுங்க நடுங்க ராஜன் கட்டிய தாலி அது. ரயில் எஞ்சின் மாதிரி லோரி ஓட்டுகிற ஆளுக்கு அன்றைக்கு முதல் முடிச்சே விழவில்லை. "பயமா இருக்குல்ல?" என்று அவள் குனிந்த தலையோடு கேட்டதும், பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்ததும் அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதற்குப் பதிலாக ஒரு மஞ்சள் கிழங்கா? போடி.

புதன் மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கழுத்தைச் சுற்றி ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டாள். "என்ன, குளுருதா?" என்று ராஜன் கேட்டார். "ஏசி ஐஸ் பெட்டி மாதிரி அடிக்குது. சும்மா இருங்க" என்று எரிந்து விழுந்தாள். அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஆரஞ்சுப் பழத்தை உரிக்க ஆரம்பித்தார்.

திரும்பி வரும்போது ரயிலில் யாழினிதான் கைப்பேசியைத் துழாவி அந்த ஆளைக் கண்டுபிடித்தாள். பெயர் கனகலிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறார். நில அளவை இலாகாவில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது பொழுதுபோக்காக உலோகம் தேடும் மெஷின் வைத்திருக்கிறார், காணாமல் போன மோதிரம், வளையல் எல்லாம் தேடிக் கொடுக்கிறார், காசு வாங்குவதில்லை. இதுவரை பதினொரு மோதிரம்.

வியாழக்கிழமை காலை ஏழரைக்கு ஒரு பழைய புரோட்டோன் கார் வந்து நின்றது. இறங்கியவரைப் பார்த்ததும் உஷாராணிக்கு நம்பிக்கை போய்விட்டது. ஒல்லியான உடம்பு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பென்சில். சேற்றில் இறங்குகிற முகமா இது? ஆனால் அவர் கார் பின்கதவைத் திறந்து ரப்பர் பூட்ஸை மாட்டி, நைலான் கயிறு, இறைச்சி கோத்து வாட்டுகிற சத்தே குச்சி ஒரு கட்டு, பிளாஸ்க், கடைசியாக அந்த மெஷின் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்த ஒழுங்கைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். மெஷின் பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. ஊன்றுகோல் மாதிரி ஒரு தண்டு, நுனியில் தோசைக்கல் அளவுக்கு ஒரு வட்டத் தட்டு, மேலே சின்னத் திரை.

கனகலிங்கம் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

"சொல்லுங்கோ தங்கச்சி. என்ன பொருள்?"

"தங்கம்."

"தங்கம் எண்டால் போதாது. மோதிரமோ, காப்போ, சங்கிலியோ? எனக்குச் சரியான தகவல் வேணும். அதுக்கேத்த மாதிரித்தான் மெஷினைச் செட் பண்ணலாம்."

யாழினி வாயைத் திறந்தாள். உஷாராணி அவள் முழங்கையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"சங்கிலி," என்றாள். "சின்ன சங்கிலி."

அவர் எழுதிக்கொண்டார். பாத்தியை நைலான் கயிற்றால் பட்டை பட்டையாகப் பிரித்தார். தலைக்கு மேலே மின்கம்பிகள் ரீங்காரமிட்டுக்கொண்டிருந்தன. அவர் அண்ணாந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். "இந்தக் கம்பி இருக்கே, இதால மெஷின் சும்மா சும்மா கத்தும். உணர்திறனைக் குறைக்கவேணும். ஈர மண் ஒருவகையில் நல்லது. ஆனால் இது கடலுக்குக் கிட்ட, மண்ணிலே உப்பு. அதுவும் கத்தும். இன்னொண்டு, இந்த நிலம் முழுக்கப் பழைய ஆணி, தகரம், வேலிக்கம்பி. அதையெல்லாம் தோண்டினால் பொங்கல் வரைக்கும் தோண்டலாம். அதனாலே இரும்பை ஒதுக்கிவிடுறன். இரும்பைக் கண்டால் மெஷின் வாயை மூடிக்கொள்ளும். மற்றதுக்கு மட்டும் பேசும்."

"அப்ப தங்கம் வந்தா?"

"பேசும். ஆனால் பால் டின் மூடியும் சாக்லேட் தாளும் தங்கம் மாதிரியேதான் பேசும். அதுகளைத் தோண்டத்தான் வேணும். அதுதான் எங்கட தலைவிதி."

தலைவிதி என்று சொன்னாலும் மனுஷன் சந்தோஷமாகத்தான் தோண்டினார். தட்டைத் தரைக்கு ஒட்டி இடமும் வலமுமாக வீசிக்கொண்டு ஓரடி ஓரடியாக நடப்பார். மெஷின் 'டிங்' என்றதும் ஒரு சத்தே குச்சியை நட்டுவைப்பார். உஷாராணியும் யாழினியும் குச்சி நட்ட இடத்தைச் சின்னக் கொத்தியால் கிளறுவார்கள். சோடா டின் வளையம் ஒன்பது. சாக்லேட் தாள் கணக்கில்லை. பித்தளைக் குழாய்த் திருகு ஒன்று. ஐம்பது சென் நாணயம் சில. தாமரை போன வருஷம் தொலைத்துவிட்டு மாமியார்மேல் பழி போட்ட அலுமினியக் கரண்டி ஒன்று. தாமரை அதைச் சத்தமில்லாமல் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மணி ஒன்பது ஆனது. பத்து ஆனது. வெயில் ஏறி, சேறு வெந்த நாற்றம் வந்தது. ஒவ்வொரு 'டிங்'குக்கும் உஷாராணியின் உயிர் தொண்டைக்கு வரும், டின் மூடியைப் பார்த்ததும் திரும்ப இறங்கும். பத்தேமுக்காலுக்குக் கனகலிங்கம் கடைசிப் பட்டையை முடித்துவிட்டு, மெஷினைத் தரையில் வைத்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"தங்கச்சி, இரண்டு தரம் போய்ட்டன். குறுக்கேயும் போய்ட்டன். வரப்பையும் விடேல்லை. சங்கிலி இந்த நிலத்திலே இருந்தால் பேசியிருக்கவேணும்."

"இருக்குது சார். இங்கதான் வுழுந்துச்சு. எனக்குத் தெரியாதா?"

"வாய்க்கால் தண்ணியோட போயிருக்கலாம்."

அந்த ஒரு வாக்கியத்தில் உஷாராணி கொத்தியைக் கீழே போட்டாள். சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். யாழினி தோளைப் பிடித்துத் தூக்கினாள். "அம்மா, கெளம்பணும். ரெண்டு மணிக்கு அப்பாவ உள்ள கொண்டுபோயிருவாங்க. ஜாம் வேற. போய்க் குளிச்சு சேலைய மாத்துமா, ப்ளீஸ்."

வீட்டுக்குப் போனாள். இரண்டு செம்பு தண்ணீரை ஊற்றிக்கொண்டு, ராஜனுக்குப் பிடித்த அந்த மாம்பழக் கலர் சேலையைச் சுற்றினாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது, அவள் துடைக்கக்கூட இல்லை. கொசுவம் வைத்தாள். முந்தானையை மடித்துத் தோளில் போட்டாள். இடது கை மடிப்பைப் பிடித்துக்கொள்ள, வலது கை பழக்கதோஷத்தில் தானாக நெஞ்சுக்குப் போனது, ஊக்கு எடுக்க.

ஊக்கு அங்கே இல்லை. எப்படி இருக்கும்? ஊக்குதான் தாலியோடு போய்விட்டதே.

உஷாராணி கண்ணாடியைப் பார்த்தாள். கண்ணாடியில் இருந்தவள் இவளைப் பார்த்தாள்.

அவளுடைய தாலியில் எப்போதும் நாலு ஊக்கு தொங்கும். இரண்டு பெரிசு, இரண்டு சிறிசு. அவசரத்துக்குச் சேலைக்கு, ரவிக்கைக்கு, யாழினியின் பள்ளிச் சட்டைக்கு, ராஜனின் பல்லிடுக்கில் சிக்கிய இறைச்சி நாருக்கு என்று எல்லாவற்றுக்கும் அந்த நாலு ஊக்குதான். "இது தாலியா, இல்ல ஊக்குக் கடையா? இதுல நான் எங்கடி இருக்கேன்?" என்று ராஜன் முப்பது வருஷமாகக் கிண்டல் செய்வார். "கழட்டி எறி" என்பார். அவள் எறிந்ததே இல்லை. சங்கிலியிலிருந்து கயிற்றுக்கு மாற்றியபோதும் தாலியோடு ஊக்கையும் சேர்த்துத்தான் மாற்றினாள். ஊக்கு என்றால் இரும்பு. இரும்பைக் கண்டால் அந்த மெஷின் வாயை மூடிக்கொள்ளும்!

"அடியேய் யாழினி!"

அந்தக் கத்தலில் கூரையில் இருந்த மைனாக்கள் பறந்தன. கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குத்தாத முந்தானை தரையில் இழுபட, உஷாராணி ஓடினாள். கனகலிங்கம் அப்போதுதான் ஒரு பூட்ஸைக் கழற்றியிருந்தார்.

"சார்! மாட்டுங்க சார்! பூட்ஸ மாட்டுங்க!"

"என்ன தங்கச்சி?"

"நான் சொன்னது பொய் சார். சங்கிலி இல்ல." மூச்சு வாங்கியது.  அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு சொல்லிவிட்டாள். "தாலி சார். என் தாலி காணோம். கயித்துல கோத்தது. அதுல நாலு ஊக்கு மாட்டியிருந்துச்சு. இரும்பு ஊக்கு!"

வானம் இடிந்து விழவில்லை. தலைக்கு மேலே கம்பி வழக்கம்போல ரீங்காரமிட்டது. இதைச் சொல்லவா இரண்டு நாளாகச் செத்தோம் என்று உஷாராணிக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

கனகலிங்கம் ஒற்றைப் பூட்ஸோடு விழித்தார். "தாலியிலே ஊக்கோ? ஏன்?"

"ஏன்னா? எல்லாரும்தான் மாட்டுவோம்! ஒங்க வீட்டம்மா மாட்ட மாட்டாங்களா?"

"தங்கரத்தினத்தின்ட தாலிக்கொடியிலயோ!" யாழ்ப்பாணத்துக் கனத்த கொடி அது, பெட்டியை விட்டு வெளியே வருவதே கல்யாணம் காட்சிக்குத்தான். அதில் ஊக்கை மாட்டினால் அவர் மனைவி அவரை வீட்டை விட்டே துரத்தியிருப்பாள். "ஐயோ பிள்ளை, எனக்கு இது தெரியாதே. நாலு ஊக்குக்கு நடுவிலே ஒரு சின்னத் தங்கம் எண்டால், மெஷின் முழுசையும் இரும்பெண்டு தள்ளிப்போட்டிருக்கும். நான்தான் அதுக்கு வாய்ப்பூட்டுப் போட்டு வச்சனே!" நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு முகம் மறுபடி சுருங்கியது. "ஆனால் பூட்டைத் திறந்தால் எல்லா ஆணியும் கத்துமே. இருநூறு ஆணி இருக்கும். எந்தச் சத்தம் உங்கட தாலி எண்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

உஷாராணி சுற்றுமுற்றும் பார்த்தாள். பார்வை தாமரையின் கழுத்தில் போய் நின்றது.

"தாமர, இங்க வா."

"என்னக்கா?"

"குனி."

தாமரைக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அக்கா அந்தக் குரலில் சொன்னால் கேட்டுத்தான் ஆகவேண்டும். குனிந்தாள். அவள் கழுத்திலிருந்து மஞ்சள் கயிறும், தாலியும், மூன்று ஊக்கும், ஒரு சின்னச் சாவியும் தொங்கின. "சாவிய எடுத்துரு" என்று உஷாராணியே அதைக் கழற்றினாள். கனகலிங்கத்துக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. பிறகு தொழில் புத்தி ஜெயித்தது. முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, மரியாதையான தூரத்தில், மெஷின் தட்டைத் தாமரையின் கழுத்துக்குக் கீழே இடமும் வலமுமாக வீசினார். விமான நிலையத்தில் கூட யாருக்கும் அப்படி ஒரு சோதனை நடந்திருக்காது.

இரும்பை ஒதுக்கியபடியே முதலில் வீசினார். மெஷின் ஊமையாக இருந்தது.

"பார்த்தீங்களா!" என்று உஷாராணி குதித்தாள்.

பூட்டைத் திறந்துவிட்டு வீசினார். 'கிர்ர்... டிங்... கிர்ர்.' கரகரப்பு, நடுவில் ஒரு மெல்லிய மணி, மறுபடி கரகரப்பு. குறுக்கே வீசினார். அதே சத்தம். எல்லோருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு பத்துப் பதினைந்து தடவை கேட்டார். "ஆணி எண்டால் நீளவாக்கிலே ஒரு மாதிரியும் குறுக்கே வேற மாதிரியும் கத்தும். இது ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. பிடிச்சிட்டன்."

"நான் நிமிரலாமா?" என்றாள் தாமரை.

மணி பதினொன்று பத்து. யாழினி கைப்பேசியைப் பார்த்துப் பார்த்து நகத்தைக் கடித்தாள். இப்போது நிலம் முழுக்கக் கத்தியது. நாலடிக்கு ஒரு 'கிர்ர்'. கனகலிங்கம் அசரவில்லை, சாமி கும்பிடுகிறவர் மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்டுக் கேட்டு நகர்ந்தார். ஒரு இடத்தில் நின்றார். தோண்டினார்கள். வளைந்த ஆணி. இன்னொரு இடத்தில் நின்றார். லோரி டயர் திருகு, முஷ்டி அளவு. மூன்றாவது இடத்தில் பாத்ரூம் கதவின் தாழ்ப்பாள். உஷாராணிக்கு அழுகையும் வந்தது, திட்டும் வந்தது. "எவன்டா இந்த நெலத்துல வீட்டயே பொதைச்சான்!"

பிறகு அவளுக்கே பொறி தட்டியது. செவ்வாய்க்கிழமை அவள் சும்மா நின்று தொலைக்கவில்லையே, வெட்டிக்கொண்டல்லவா இருந்தாள்! மம்பட்டியால் சேற்றை வெட்டி வெட்டி வரப்பின் கிழக்கு முனையில் மலை மாதிரி குவித்தாள். குனிந்து வெட்டும்போது கயிறு அறுந்து விழுந்திருந்தால், அடுத்த வெட்டில் அவளே அள்ளிக் குவியலில் போட்டிருப்பாள்.

"சார், அந்தக் குவியலு!"

அங்கே போனார். தட்டை மெல்ல வீசினார்.

கிர்ர்... டிங்... கிர்ர்.

 அவர் குறுக்கே திரும்பி நின்று வீசினார்.

கிர்ர்... டிங்... கிர்ர்.

"தாமரையின்ட சத்தம்!" என்று கனகலிங்கம் கத்தினார். முப்பத்தைந்து வருஷ அரசாங்க சேவையில் அவர் அப்படிக் கத்தியிருக்கமாட்டார்.

மம்பட்டி எடுக்கப் போன யாழினியை உஷாராணி தள்ளிவிட்டாள். மாம்பழக் கலர் சேலையோடு மண்டியிட்டு, இரண்டு கையையும் முழங்கை வரைக்கும் குவியலுக்குள் விட்டாள். சேறு குளிர்ந்து கிடந்தது. விரல் நுனியில் எதுவோ சுருக்கென்று குத்தியது.

"ஆ!" என்றாள். பிறகு அழுதுகொண்டே சிரித்தாள். முப்பது வருஷமாகக் குத்துகிற குத்து அவளுக்குத் தெரியாதா?

கையை வெளியே எடுத்தபோது, கறுத்த சேற்றுக்கட்டிக்கு நடுவில் அறுந்த மஞ்சள் கயிறு, அதில் துருவேறத் தொடங்கிய நாலு ஊக்கு, ஊக்குகளுக்கு நடுவே, பொட்டளவும் துரு இல்லாமல், அவளுடைய தாலி. தாமரை குலவை போட்டாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மீன் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு மலாய்க்காரர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள், எதற்கென்றே தெரியாமல். கனகலிங்கம் பையிலிருந்து மூன்றாவது பென்சிலை எடுத்து நோட்டில் 'பன்னிரண்டு' என்று எழுதி, இரண்டு கோடு போட்டார்.

"தங்கம் மட்டும் எண்டால் இந்தக் குவியலுக்குள்ளே, இந்த உப்பு மண்ணிலே, மெஷினுக்குச் சத்தமே கேட்டிருக்காது," என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஊக்குதான் மறைச்சது, ஊக்குதான் காட்டியும் குடுத்தது."

குழாயடியில் கழுவும்போது, "துருப்புடிச்ச ஊக்க கழட்டிரட்டுமாக்கா?" என்று தாமரை கையை நீட்டினாள். அந்தக் கையில் ஓர் அடி விழுந்தது. "தொட்டுப் பாரு!" தாமரை சிரித்துக்கொண்டே இடுப்பிலிருந்து ஒரு புது மஞ்சள் கயிற்றை எடுத்துக் கொடுத்தாள். நேற்று மஞ்சள் கிழங்கு கட்டச் சொல்லி வாங்கி வைத்திருந்த கயிறு.

உஷாராணி அதைக் கட்டிக்கொள்ளவில்லை. அறுந்த தாலியைத் தன் கையால் தானே கட்டிக்கொள்வதாவது! கட்ட வேண்டியவர் கோலாலம்பூரில் இருக்கிறார்.

கனகலிங்கம்தான் ஓட்டினார். ஃபெடரல் ஹைவேயில் அந்த வயதில் அந்த புரோட்டோன் அப்படி ஓடும் என்று அதற்கே தெரியாது. சேற்றுச் சேலையோடு, உள்ளங்கையில் தாலியைப் பொத்திக்கொண்டு உஷாராணி முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் வார்டுக்குள் ஓடி நுழைந்தபோது மணி ஒன்று நாற்பது. ராஜனைப் பச்சைத் துணியில் போர்த்தி, சக்கரக் கட்டிலில் ஏற்றி, தள்ளத் தயாராக நின்றார்கள்.

அவர் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி சேல. சேத்துல பொரண்ட மாதிரி ஒடம்பு. கெடைச்சிருச்சா?"

"என்ன கெடைச்சிருச்சா?"

"நேத்தே தெரியும்டி. நீ நடந்தா ஊக்குச் சத்தம் கேக்கும். நேத்து கேக்கல."

உஷாராணி கட்டிலை ஒட்டி நின்றாள்.  உள்ளங்கையைத் திறந்து நீட்டினாள்.

"கட்டுங்க."

"இங்கயா?"

"இங்கதான். இப்பதான்."

சரவாக்கிலிருந்து வந்த இளம் நர்ஸ், எல்லோரும் மிஸ்ஸி என்று கூப்பிடுகிற பெண், "ஆன்டி, டைம் ஆச்சு லா" என்று கைக்கடிகாரத்தைக் காட்டினாள். அரைகுறைத் தமிழ்தான், ஆனாலும் விஷயம் புரிந்து நின்றாள். உஷாராணி கட்டிலோரம் குனிந்தாள். ஊசி குத்தி பிளாஸ்டர் ஒட்டிய கையால் ராஜன் கயிற்றைச் சுற்றினார். கை நடுங்கியது. முதல் முடிச்சு விழவில்லை. அவிழ்ந்தது.

"பயமா இருக்குல்ல?" என்று அவள் கேட்டாள்.

"இருக்குடி," என்றார் அவர். முதல் முடிச்சு விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவது நாத்தனார் போட வேண்டியது. ராஜன் மிஸ்ஸியைப் பார்த்தார். "சிஸ்டர், இந்த ஒண்ண நீங்க கட்டுங்க. நீங்கதான் சிஸ்டராச்சே." அந்தப் பெண் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, தையல் போடுகிற கவனத்தோடு இறுக்கமாக ஒரு முடிச்சுப் போட்டாள். அடுத்த கட்டில் கிழவர் கை தட்டினார். கனகலிங்கம் வாசலில் திரும்பி நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கட்டில் நகர்ந்தது. உஷாராணி கதவு மூடும்வரை பக்கத்திலேயே நடந்தாள். நாலு ஊக்கும் கலகலவென்று சத்தம் போட்டன.

ஆறு மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார். உஷாராணி அவரையும் ஒரு பிடி பிடித்தாள், இவ்வளவு நேரம் ஆகும் என்று முன்னாடியே சொல்லக்கூடாதா என்று. வாய் திரும்பி வந்துவிட்டது.

ஒரு வாரம் கழித்து ராஜன் முதன்முதலாக எழுந்து வார்டுக்குள் நடந்தார். மிஸ்ஸி ஒரு பக்கம், உஷாராணி ஒரு பக்கம். நாலடி வைத்திருப்பார். சட்டென்று நின்றார். ஆஸ்பத்திரிக்காரன் கொடுத்த கால்சட்டையின் நாடா அறுந்து, அது மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, முப்பது வருஷமாகக் கிண்டல் செய்த அந்த மனுஷன், பெண்டாட்டி கழுத்தை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"உஷா," என்றார் மெதுவாக. "அதுல ஒண்ணு குடேன்."

உஷாராணி உடனே கொடுக்கவில்லை. வார்டில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "எதுல ஒண்ணு? சத்தமா சொல்லுங்க!" என்றாள்.

"ஊக்கு! ஊக்குடி!"

அதற்குப் பிறகுதான், இருப்பதிலேயே பெரிய ஊக்காகப் பார்த்துக் கழற்றினாள்.